வயிற்றுப்புண்ணும் மருந்துண்ணும் முறையும்

சோறு, பருப்பு, காய், இறைச்சி ஆகிய எவ்வுணவையும் சில மணி நேரத்திற்குள் கூழாகக் கரைத்துவிடும் ஆற்றல் இரைப்பைக்கு உண்டு. அவ்விரைப்பையோ தசையால் ஆகிய ஒரு பை. பிற உயிரின் தசையைச் செரிக்கும் அப்பை, தன் தசையைத் தானே செரித்துக்கொள்ளாமல் வாழ்நாள் முழுதும் நிலைத்திருப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண்போர், வயிற்றுப்புண் தோன்றும் வகையையும், அதற்கு மருத்துவர் தரும் மருந்தை அவர் சொன்னபடியே உண்ணவேண்டுவது ஏன் என்பதையும் ஒருங்கே அறிந்துகொள்வர்.

இரைப்பையின் தொழிலை மனிதர் கண்ணாரக் கண்டது ஒரு விபத்தின் பயனாகும். 1822ஆம் ஆண்டில் வட அமெரிக்காவிலுள்ள மாக்கினாத் தீவில், ஒரு கடையினுள் துப்பாக்கி ஒன்று தவறி வெடித்தது. அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞரின் இடப்பக்க விலாப்புறம் சிதைந்தது. வில்லியம் போமாண்ட் என்னும் படை மருத்துவர் அவரைப் பேணிக் காத்தார். இளைஞர் உயிர் பிழைத்தார். ஆனால் இரைப்பையில் விழுந்த துளை மட்டும் மூடவில்லை. போமாண்ட் உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அத்துளை வழியே உள்ளிறக்கி, அவை கரையும் காலத்தை அளந்து, பலவாண்டு ஆராய்ந்து, 1833இல் அச்செய்திகளை நூலாக வெளியிட்டார். வறிய கூலியாளாகிய செயின்ட் மார்ட்டின் இவ்வாராய்ச்சிக்கு என்றும் மனமுவந்து உடன்பட்டிருந்தார் எனச் சொல்வதற்கில்லை. ஒருமுறை சொல்லாமலே நீங்கித் தம் நாடு சென்றுவிட்டார். போமாண்டைப் போற்றுவோர் அவரையும் மறத்தலாகாது. இதே காலத்தில், 1823இல், இங்கிலாந்தைச் சார்ந்த வில்லியம் பிரௌட் என்பார், இரைப்பையில் சுரப்பது ஹைடிரோகுளோரிக் அமிலம் என்பதைக் கண்டு கூறினார்.

இவ்வமிலம் கடுமையானது. இது தோலிற்படின் எரியும். உணவோடு வரும் கிருமிகளுள் பெரும்பாலானவற்றை அழித்துவிடும். இத்துணைக் கடுமையான நீர் தன்னைத் தீண்டாதபடி இரைப்பை தன் உட்சுவரின்மீது வழுவழுப்பான சளிப்படலம் ஒன்றைப் பூசிவைத்துள்ளது. அப்படலத்தின் அடியில் அமிலத்தின் கடுமையை மாற்றும் உப்பொன்றும் சுரக்கின்றது. தேய்ந்துபோகும் உயிரணுக்களுக்கு மாற்றாகப் புதிய உயிரணுக்கள் சில நாள்களுக்கு ஒருமுறை தோன்றிக்கொண்டே இருக்கின்றன. சுண்ணாம்பு உதிர உதிர மீண்டும் பூசப்படும் சுவரை இதற்கு ஒப்பிடலாம். பூச்சு நின்றுபோன இடத்தில் அமிலம் சுவரை அரிக்கும். அவ்வரிப்பே புண்ணாகிறது. இப்புண் இரைப்பையில் தோன்றுவதும் உண்டு. அதனை அடுத்துள்ள முன்சிறுகுடலில் தோன்றுவதும் உண்டு. மக்கள் இரண்டையும் அல்சர் என்றே வழங்குவர். நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சலும் வலியும் இதன் பொதுவான அறிகுறிகள்.

பூச்சு நின்றுபோவதற்குக் காரணம் யாது? மிளகாயும் புளியும் மனக்கவலையுமே காரணம் என நெடுங்காலம் மருத்துவரும் நம்பினர், மக்களும் நம்பினர். காரம் உண்டார்க்கு எரிச்சல் மிகுதல் உண்மையே. எனினும் புண்ணை உண்டாக்குவது காரம் அன்று. பால் பருகினால் புண் ஆறும் என்பதும் அக்கால நம்பிக்கை. பால் சிறிது நேரம் எரிச்சலைத் தணிக்கும். பின்னர் அதன் புரதமும் சுண்ணச்சத்தும் அமிலச் சுரப்பைத் தூண்டும். ஆகவே பாலை உணவாகக் கொள்ளலாமேயன்றி மருந்தாகக் கொள்ளுதல் கூடாது.

உண்மைக் காரணத்தை வெளிப்படுத்தியோர் ஆஸ்திரேலிய நாட்டின் பெர்த் நகரத்து மருத்துவர் இருவர். நோயுற்றோரின் இரைப்பையிலிருந்து எடுத்த தசைத்துணுக்குகளை உருப்பெருக்கியில் ஆராய்ந்துவந்த ராபின் வாரன், 1979இல் அவற்றின்மீது வளைந்த வடிவுடைய நுண்கிருமிகளைக் கண்டார். கடும் அமிலத்தில் எக்கிருமியும் வாழாது என்பது அக்கால மருத்துவ நூல்களின் கொள்கையாதலின் அவர் சொல்லை ஏற்றோர் மிகச் சிலரே. 1981இல் பாரி மார்ஷல் என்னும் இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். அக்கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க அவர்கள் பன்முறை முயன்றும் பயனில்லை. இரண்டு நாள் கழிந்ததும் ஒன்றும் வளரவில்லை எனத் தட்டுகளை எறிந்துவிடுவது அங்கு வழக்கம். 1982ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையின்போது தட்டுகள் எடுக்கப்படாமல் ஐந்து நாள் இருந்துவிட்டன. விடுமுறை முடிந்து வந்து நோக்கியபோது அவற்றில் கிருமிகள் வளர்ந்திருந்தன. விடாமுயற்சியால் கிட்டாதது ஓய்வினால் கிட்டியது எனலாம். மெதுவாக வளரும் இயல்புடைய அக்கிருமிக்குப் பின்னாளில் ஹெலிகோபாக்டர் பைலோரி எனப் பெயரிட்டனர்.

அப்பொழுதும் உலகம் ஐயுற்றது. ஆதலால் 1984இல் மார்ஷல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே பருகினார். சில நாள்களில் அவருக்குக் குமட்டலும் வாந்தியும் தோன்றின. அகநோக்கிக் கருவியை உட்செலுத்திப் பார்த்தபோது, நலமாயிருந்த அவர்தம் இரைப்பை அழற்சியுற்றிருந்தது. கிருமிகளும் அங்குக் குடியேறியிருந்தன. பின்னர் மருந்துண்டு நலம் பெற்றார். இத்தகைய துணிவு பிறர் பின்பற்றத்தக்கது அன்று; எனினும் அதன் பயன் பெரிது. 2005இல் இருவருக்கும் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இக்கிருமி அமிலத்தில் வாழும் உபாயமும் வியப்புக்குரியது. அது உடலிலுள்ள யூரியா என்னும் பொருளைப் பிளந்து அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சூழ்ந்த அமிலத்தின் கடுமையை மாற்றிக்கொள்கிறது. இச்செய்தியை நினைவிற்கொள்க, பின்னர் இது பயன்படும்.

புண்ணுக்கு மற்றொரு பெருங்காரணம் வலிநீக்கும் மாத்திரைகள். ஆஸ்பிரின், இபுபுரோபென், டைக்குளோபினாக் முதலியன அவ்வினத்தைச் சார்ந்தவை. உடலில் புராஸ்டாகிளாண்டின் எனப்படும் பொருள்கள் சில உண்டு. காயம் பட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் மிகுவிப்பவை அவை. இரைப்பையில் சளிப்படலம் சுரக்கத் துணைநிற்பவையும் அவையே. ஆஸ்பிரின் இவற்றின் உற்பத்தியைத் தடுக்கிறது என்பதை ஜான் வேன் என்னும் அறிஞர் 1971இல் விளக்கினார். எனவே மூட்டுவலியைத் தணிக்க உண்ணும் மாத்திரை, அதே வேளையில் இரைப்பையின் காவலையும் தளர்த்திவிடுகிறது. மாத்திரை வயிற்றில் நேரே படுவதால் மட்டும் இத்தீங்கு விளைவதன்று. குருதியில் கலந்தபின்னும் விளைகின்றது. வயிறு நிறைய உண்டபின் விழுங்கினால் தீங்கில்லை என்பதும், ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்கு ஒன்றும் நேராது என்பதும் இதனால் பொருந்தாமை அறியலாம்.

இனி, நெசவாளர் ஒருவரைக் கருதுக. தறிக்குழியில் நெடுநேரம் அமர்ந்து தொழில் செய்வதால் அவருக்கு முழங்கால் வலி. கடையில் கேட்டு வாங்கிய வலிமாத்திரைகளைப் பலநாள் உண்டு வந்தார். வயிற்றில் எரிச்சல் கண்டு மருத்துவமனைக்குச் சென்றபோது புண் இருப்பதும் கிருமி இருப்பதும் தெரியவந்தன. மருத்துவர் வலிமாத்திரையை நிறுத்தச் சொல்லி, வேறு மருந்துகளை 14 நாளுக்கு எழுதித் தந்தார். ஐந்தாம் நாளே எரிச்சல் அடங்கிற்று. "நோய் தீர்ந்தபின் மருந்து எதற்கு?" என எண்ணி, எஞ்சியவற்றை அவர் மாடத்தில் வைத்துவிட்டார். இரண்டு திங்கள் கழிந்தன. எரிச்சல் மீண்டது. மாடத்திலிருந்த பழைய மாத்திரைகளுள் நான்கை எடுத்து உண்டார். இம்முறை அடங்கவில்லை.

இவர் செய்தது அறியாமையேயன்றிக் குற்றமன்று. கற்றோரும் இதனைச் செய்கின்றனர். வலி அடங்குவது வேறு. புண் ஆறுவது வேறு. கிருமி அழிவது வேறு. அமிலம் குறைந்த சில நாளில் வலி அடங்கும். புண்ணின்மேல் புதுத்தோல் மூடுவதற்கு வாரங்கள் வேண்டும். கிருமியோ சளிப்படலத்தினடியில் மறைந்து வாழ்வது. ஐந்து நாள் மருந்தில் வலிகுன்றிய கிருமிகள் மாயும், வன்மையுடையன எஞ்சும். எஞ்சியவை பெருகும்போது அம்மருந்துக்கு அடங்காத கூட்டமாகப் பெருகும். பின்னர் முதலிற்கொடுத்த மருந்து பயன்படாது. வேறு மருந்தைத் தேடவேண்டும். இக்காரணம் பற்றியே ஒரு நுண்ணுயிர்க்கொல்லி போதாதென இரண்டனையேனும் சேர்த்து, அமிலத்தைக் குறைக்கும் மருந்தையும் உடன்கூட்டிப் பெரும்பாலும் 14 நாள் கொடுக்கின்றனர். அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல், டெட்ராசைக்கிளின் முதலியன இதற்குப் பயன்படும் நுண்ணுயிர்க்கொல்லிகள். கடைகளில் இவற்றை ஆன்டிபயாட்டிக் என்பர். இத்தகைய மருந்துகளின் அட்டையில் செங்கோடு ஒன்று இடப்பட்டிருத்தலைக் காணலாம். மருத்துவர் சீட்டின்றி இதனை வாங்கி உண்ணலாகாது என்பதே அக்கோட்டின் பொருள். இந்திய அரசு 2016இல் இதனை மக்களிடம் பரப்ப முயன்றது. எனினும் கோட்டின் பொருளை அறிந்தோர் இன்றும் மிகுதியாக இல்லை.

அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளுள் ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் என்பன இன்று மிகுதியாக வழங்குகின்றன. இவற்றைக் காலையில் உணவுக்கு அரைமணி நேரம் முன்னர் உண்க என மருத்துவர் சொல்வர். பலர் இதனை ஒரு சடங்குபோலக் கருதி, நினைத்தபோது விழுங்குகின்றனர். இவ்வரைமணி நேரத்தில் ஒரு நுட்பம் உள்ளது. இரைப்பைச் சுவரின் உயிரணுக்களில் அமிலத்தை வெளியே இறைக்கும் நுண்ணிய ஏற்றங்கள் எண்ணிறந்தன உள்ளன. உணவு வரும்போதே அவை முனைந்து இயங்கும். இம்மருந்து இயங்கிக்கொண்டிருக்கும் ஏற்றத்தையே பூட்டவல்லது. உறங்கும் ஏற்றத்தைப் பூட்டாது. மருந்து சிறுகுடலை அடைந்து, குருதியிற் கலந்து, இரைப்பைச் சுவரை வந்தடையும் நேரமும், உணவு வந்து ஏற்றங்கள் இயங்கத் தொடங்கும் நேரமும் ஒன்றாகப் பொருந்தவேண்டும். அதற்கே அந்த அரைமணி நேரம். உண்டபின் விழுங்கினால் மருந்து வரும்முன் ஏற்றங்கள் தம் பணியை முடித்திருக்கும். விழுங்கிவிட்டு உணவே உண்ணாமல் நண்பகல்வரை இருப்பினும் பயன் குறையும்.

இம்மாத்திரையைக் கடித்தலும் பொடித்தலும் ஆகா. அமிலத்தை அடக்கும் இம்மருந்தே அமிலத்திற் பட்டால் அழிந்துபோகும் இயல்பினது. ஆதலால் இரைப்பையைக் கடந்து சிறுகுடல் சேரும்வரை கரையாத மேற்பூச்சு ஒன்றை அதற்குக் கொடுத்துள்ளனர். முதியோர்க்கு விழுங்க எளிதாகும் எனக் கருதி அம்மியில் வைத்து நசுக்கிக் கொடுப்போர், மருந்தின் கவசத்தைக் கழற்றிப் போருக்கு அனுப்புகின்றனர். விழுங்க இயலாதார் அதனை மருத்துவரிடம் கூறினால் வேறு வகை தருவர். மற்றும் ஒன்று: எல்லா ஏற்றங்களும் ஒரே நாளில் பூட்டப்படுவதில்லை, முழுப்பயன் தோன்ற இரண்டு மூன்று நாள் ஆகும். முதல் நாளே எரிச்சல் நீங்கவில்லை என இரட்டிப்பாக உண்பது முறையன்று.

உடனே எரிச்சலைத் தணிக்கக் கூழ்மருந்து கொடுப்பது உண்டு. சுவரிற்பட்ட புண்ணைப் படலமாக மூடும் சுக்ரால்பேட் என்னும் மருந்தும் உண்டு. அதனை வெறும் வயிற்றில் கொள்ளவேண்டும். இவை பிற மருந்துகளைத் தம்மோடு பிணைத்துக்கொண்டு உடலிற் சேரவொட்டாமல் தடுப்பனவாதலின், இவற்றிற்கும் பிற மருந்துகளுக்கும் இரண்டு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும். டெட்ராசைக்கிளினைப் பாலோடு உண்ணலாகாது என்பதும் இதே காரணத்தால்தான்.

நுண்ணுயிர்க்கொல்லி உண்ணும் நாள்களில் வாயில் கசப்போ உலோகச்சுவையோ தோன்றும். சிலர்க்கு வயிறு இளகும். இவற்றை முன்னரே அறிந்தோர் அஞ்சி மருந்தை நிறுத்தமாட்டார். தோலில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் என்பன கண்டால் செய்தி வேறு. அப்பொழுது மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். பெனிசிலின் இனத்து மருந்து முன்னர் ஒவ்வாமற் போனவர் அதனைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுதல் இன்றியமையாதது; அமாக்சிசிலின் அவ்வினத்தது. மெட்ரோனிடசோல் உண்ணும் காலத்தில் மதுவைத் தீண்டலாகாது. ஒருவேளை மருந்து மறந்துபோயின், நினைவு வந்ததும் உண்ணலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதாயின், விட்டதை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் உண்ணவேண்டும். இரண்டையும் ஒருங்கே விழுங்குதல் கூடாது.

மருத்துவரிடம் மறைக்கத்தகாத செய்தி மற்றொன்றும் உண்டு. வீட்டில் உண்ணும் சூரணம், இலேகியம், கசாயம் எதுவாயினும் அதனைக் கூறிவிடவேண்டும். நாட்டு மருத்துவம் இகழத்தக்கதன்று. அதனை ஒளித்து உண்பதே தீது. இதயநோய்க்கெனச் சிறிய அளவில் ஆஸ்பிரின் உண்போர், புண் என்றதும் தாமே அதனை நிறுத்திவிடுவதும் ஆபத்தானது. வயிற்றைக் காக்கப்போய் இதயத்திற்கு இடர் தேடிக்கொள்வதாய் முடியும். நிறுத்துவதா, உடன் காப்பு மருந்து கொடுத்துத் தொடர்வதா என்பதை மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

திருக்குறளில் மருந்து என்பது தொண்ணூற்றைந்தாம் அதிகாரம். நோயாளியும் மருத்துவனும் மருந்தும் மட்டும் அன்றி, அருகிலிருந்து மருந்தைப் பிழையின்றிக் கொடுப்பவனையும் நான்காவதாக அங்கு வள்ளுவர் சேர்த்துள்ளார். இந்நான்காமவனைப் பலர் மறந்துவிடுகின்றனர். இன்று பல இல்லங்களில் அந்நான்காமவர், பள்ளியிற் படிக்கும் பேரனோ பேத்தியோ ஆவர். மருந்துச் சீட்டில் 1–0–1 என எழுதியிருப்பின் காலையில் ஒன்று, நண்பகலில் இல்லை, இரவில் ஒன்று என்பது பொருள். உணவுக்கு முன்னா பின்னா என்பதும் அருகே குறிக்கப்பட்டிருக்கும். எழுத்தறியாத பாட்டிக்கு அதனைப் படித்துச் சொல்வதும், உறைகளை முன், பின் எனப் பிரித்து வைப்பதும், அட்டையில் காலாவதி நாளைப் பார்ப்பதும், 14 நாளையும் நாட்காட்டியில் ஒவ்வொன்றாக அடித்துவருவதும் சிறுவர் செய்யத்தக்க பணிகளே. அந்நெசவாளரின் வீட்டில் இதனைச் செய்ய ஒருவர் இருந்திருப்பின் மருந்து மாடத்திற்குப் போயிராது.

அருகிருப்போர் அறியவேண்டிய அபாயக்குறிகளும் உள. வாந்தியில் குருதியோ காப்பித்தூள் போன்ற பொருளோ காணப்படுதல், மலம் தார்போலக் கறுத்துப் பிசுபிசுப்பாதல், வயிறு பலகைபோல் இறுகித் திடீரெனப் பொறுக்கவொண்ணா வலி எழுதல், வியர்த்துத் தலைசுற்றி மயங்குதல் என்பன அவை. குருதி கசிகிறது அல்லது புண் துளைத்துவிட்டது என்பதை இவை குறிக்கும். முதியோர்க்கும் வலிமாத்திரை உண்போர்க்கும் முன்னர் வலியே இன்றிக் குருதிப்போக்கு நேர்வதும் உண்டு. இந்நிலையில் மாத்திரை தேடிக்கொண்டிராமல், தமிழ்நாட்டில் 108 என்னும் எண்ணை அழைத்து மருத்துவமனை சேர்க்கவேண்டும். பிஸ்மத் என்னும் மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் உண்போர்க்கும் மலம் கறுப்பாவது உண்டு; அஃது இயல்பே. ஐயம் எழுந்தால் வீட்டிலேயே முடிவு செய்யாது மருத்துவரிடம் காட்டுக.

அந்நெசவாளர் மீண்டும் மருத்துவமனைக்குச் சென்றார். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை, எத்தனை நாள் உண்டார், எவற்றை விட்டார் என்பவற்றைக் கேட்டறிந்து, வேறு மருந்துகளை 14 நாளுக்கு எழுதினார். இம்முறை அவர் பேத்தி நாட்காட்டியில் நாளை அடித்துவந்தாள். மருந்து முடிந்ததும் கிருமி ஒழிந்ததா எனத் தேர்ந்தறியவேண்டும் என்றார் மருத்துவர். அதற்கு உடனே செல்வதிற் பயனில்லை. ஒடுங்கிய கிருமிகள் இருந்தும் இல்லாதனபோலத் தோன்றும். நுண்ணுயிர்க்கொல்லி முடிந்து நான்கு வாரமேனும் கழியவேண்டும். ஒமிப்ரசோல் போன்றவற்றை, மருத்துவர் சொற்படி, இரண்டு வாரம் முன்னரே நிறுத்தியிருக்கவேண்டும். பேத்தி அந்நாளையும் நாட்காட்டியில் வட்டமிட்டாள். அன்று அவருக்கு, அடையாளம் பெற்ற கரியணு அமைந்த யூரியாவை நீரிற் கலந்து பருகக் கொடுத்தனர். இரைப்பையில் கிருமி இருப்பின், தன் வழக்கப்படி அந்த யூரியாவைப் பிளக்கும்; அப்பொழுது எழும் கரியமிலவாயு குருதி வழியே நுரையீரலை அடைந்து மூச்சில் வெளிப்படும். சிறிது நேரம் கழித்து அவர் ஒரு பையில் மூச்சை ஊதித் தந்தார். அம்மூச்சில் அடையாளம் பெற்ற வாயு மிகவில்லை.